சிவப்புக் கோடு விழுந்த உணவையெல்லாம் நிறுத்த வேண்டுமா?

கேள்வி: "என் மகனுக்கு மூன்றரை வயது. கைக்குழந்தையிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் இருக்கிறது. ராத்திரியெல்லாம் சொறிகிறான். ப்ளே ஸ்கூலில் அலர்ஜி முகாம் நடத்தி, ரத்தம் எடுத்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு டெஸ்ட் செய்தார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆனது. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, துவரம்பருப்பு, தக்காளி, கத்திரிக்காய், வாழைப்பழம் என்று முப்பத்தெட்டு உணவுகளுக்குச் சிவப்புக் கோடு. அதுவரை இதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆறு மாதம் நிறுத்தச் சொல்லி, மாதாமாதம் வாங்கும்படி சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் எடை ஒரு கிலோ குறைந்துவிட்டது, அரிப்பு குறையவில்லை. மாமியார் எனக்குத் தெரியாமல் தயிர்சாதம் ஊட்டிவருகிறார், அதனால் ஒன்றும் ஆகவில்லை. போன வருடம் முதல்முறையாக இறால் கொடுத்தபோது பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தான். ஆனால் ரிப்போர்ட்டில் இறாலுக்குப் பச்சைதான், கொடுக்கலாம் என்கிறார்கள். எதை நம்புவது? அவனுடைய தங்கைக்கு ஐந்து மாதம், கன்னத்தில் லேசான சொறி. அவளுக்கும் இந்த டெஸ்ட் எடுத்துவிடட்டுமா?" — ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்.

பதில்: சின்னவளுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். சொட்டு மருந்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாமியார் ஊட்டும் தயிர்சாதம் தொடரட்டும். இனி ஒளித்துக் கொடுக்க வேண்டியதில்லை. இறாலை மட்டும் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான பயம் தந்த ஒரே உணவு அதுதான். அதற்குத்தான் பச்சை கொடுத்திருக்கிறார்கள்.

அது எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு எடுத்தது ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனை. நாம் சாப்பிடும் எந்த உணவுக்கும் உடம்பு கொஞ்சம் ஐஜிஜி தயாரித்து வைக்கும். நோயில்லாத குழந்தைக்கும் அது இருக்கும், எனக்கும் இருக்கும். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி, எந்த உணவு உள்ளே வந்து போயிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். உங்கள் மகன் தினமும் சாப்பிட்ட பாலும் கோதுமையும் துவரம்பருப்பும் சிவப்பில் நிற்பதற்குக் காரணம் அவன் அவற்றைத் தினமும் சாப்பிட்டது. இறாலை ஒரே ஒரு முறை வாயில் வைத்தான், அதையும் வாந்தி எடுத்துவிட்டான். அதனால் பச்சை.

உதடு வீங்குவது, தடிப்பது, மூச்சு இளைப்பது போன்ற உடனடி ஒவ்வாமைக்குக் காரணம் ஐஜிஇ (IgE) என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வேலை செய்த இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் இன்னொரு குழுவும் தனித்தனியாகக் கண்டறிந்தது அது. இரண்டும் ரத்தத்தில் இருப்பவை, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஐஜிஜி4 (ஐஜிஜியின் ஒரு வகை) பரிசோதனை செய்யக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே எழுதி வைத்துவிட்டது. அமெரிக்க, கனடா அமைப்புகளும் அதையே சொல்லிவிட்டன. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நம் ஊர் ப்ளே ஸ்கூலில் மேசை போட்டு உட்கார்ந்து மூன்றரை வயதுக் குழந்தையின் கையில் ஊசி குத்துகிறார்கள் என்றால், தடுக்க வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

லேபுகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரையைப் பார்த்து நம்பினோம் என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். அளப்பதைச் சரியாக அளக்கிறார்கள் என்பதற்குத்தான் அந்த முத்திரை. அளக்கத் தேவையே இல்லாத ஒன்றை அளந்தால் அது தடுக்காது. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "இந்த முடிவுகளைக் கொண்டு நோயை உறுதி செய்ய இயலாது." முதல் பக்கத்தில் முப்பத்தெட்டு சிவப்புக் கோடு, கடைசிப் பக்கத்தில் தப்பித்துக்கொள்ள ஒரு வரி. நடுவில் முகாம் ஏற்பாடு செய்தவருக்குக் கமிஷன், பள்ளிக்கு ஏதாவது ஒரு சலுகை, சொட்டு மருந்துக்காரருக்கு மாத வருமானம். குழந்தைக்குக் கிடைத்தது ஒரு கிலோ எடைக் குறைவு. இலவச முகாம் என்று அழைத்து, டெஸ்ட்டுக்கு மட்டும் பணம் கேட்கும் எந்த இடத்திலும் குழந்தையின் கையை நீட்டாதீர்கள். முடியை வெட்டி அனுப்பச் சொல்பவர்களும், கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி இயந்திரத்தில் எண் காட்டுபவர்களும் இதே கூட்டம்தான்.

சரியான பரிசோதனைகளிலும் ஒரு கண் வேண்டும். தோல் குத்துப் பரிசோதனை, ஐஜிஇ ரத்தப் பரிசோதனை இரண்டுமே, குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்ட பிறகு, சந்தேகப்படும் ஒன்றிரண்டு உணவுக்கு மட்டும் செய்ய வேண்டியவை. பெங்களூரு, மைசூரு பகுதியில் பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தத்தில் ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். உண்மையிலேயே ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவீதம்தான். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த உணவை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஆகவே ஐஜிஇ என்ற பெயரிலும் மொத்தமாக ஐம்பது உணவுக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எதை எப்படித் திரும்பக் கொடுப்பது? துவரம்பருப்பு, தக்காளி, கத்திரிக்காய், வாழைப்பழம், மற்ற காய், கீரை, பழமெல்லாம் நாளையிலிருந்தே கொடுக்கலாம். கத்திரிக்காய் சாப்பிட்டால் கரப்பான் கிளம்பும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். உங்கள் மகன் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவனுக்கு அந்தப் பத்தியம் தேவையில்லை. தயிர் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பதால் பாலுக்கும் பயமில்லை.

முட்டை, கோதுமை, வேர்க்கடலை மூன்றுக்கும் கொஞ்சம் பொறுங்கள். இரண்டு மாதம் அறவே நிறுத்திவிட்டீர்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கரப்பானை உணவு தூண்டுகிறது என்று கருதி உணவை நிறுத்திய குழந்தைகளைப் பார்த்தார்கள். அதற்கு முன் உடனடி ஒவ்வாமையே வராத குழந்தைகள் அவர்கள். நிறுத்திய பிறகு அவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புதிதாக உடனடி ஒவ்வாமை வந்திருந்தது. வாய் வழியே போகும் உணவை உடம்பு ஏற்கப் பழகுகிறது. வெடித்த தோல் வழியே போகும் அதே உணவை எதிரியாகப் பார்க்கப் பழகுகிறது. வாய் வழியை அடைத்துவிட்டு, வீட்டில் சப்பாத்தி மாவும் கடலைப்பொடியும் புழங்கும்போது தோல் வழி மட்டும் திறந்தே இருக்கிறது. இதைத்தான் அந்த முகாமில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. இந்த மூன்றையும் முதல் முறை மருத்துவர் எதிரில், சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் பிறகு வாரம் சில முறை விடாமல் கொடுங்கள்.

இறால் விஷயத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, கண் வீங்குவது, தடிப்பது, வாந்தி, இருமல், இளைப்பு, குழந்தை துவண்டுபோவது ஆகியவை ஐஜிஇ ஒவ்வாமையின் அடையாளம். உங்கள் மகனுக்கு உதடு, தோல், வயிறு மூன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் சேர்ந்தாலே அதைக் கடுமையான ஒவ்வாமையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். போன தடவை தானாக அடங்கியது என்பதால் அடுத்த தடவையும் அடங்கும் என்று உறுதியில்லை. இறாலில் பிரச்சினை தருவது பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. நண்டிலும் சிங்க இறாலிலும் ஏறக்குறைய அதே புரதம் இருப்பதால் பரிசோதனை முடியும்வரை அவையும் வேண்டாம். இறால் கருவாடு, கூனிப்பொடி, இறால் பொரித்த எண்ணெயிலேயே பொரித்த வேறு எதுவும் வேண்டாம். விருந்து வீட்டில் "ஒரே ஒரு வாய்" என்று ஊட்ட வரும் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பள்ளியில் எழுதிக் கொடுங்கள். மீன் வேறு வகைப் புரதம். இதுவரை மீன் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் மீனை நிறுத்த வேண்டாம்.

தவறிச் சாப்பிட்டு மூச்சு இளைத்தாலோ, குழந்தை துவண்டாலோ, மேலே சொன்னதுபோல ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் சேர்ந்தாலோ முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். மருத்துவமனைக்குப் படுக்கவைத்தே கொண்டுபோங்கள், மூச்சு வாங்கினால் உட்காரட்டும். எழுந்து நடக்கவிடாதீர்கள். பல இடங்களில் இன்னும் அவில் என்ற அரிப்பு ஊசியும் டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசியும் மட்டும் போட்டு உட்காரவைக்கிறார்கள். அவை தடிப்பைக் குறைக்கலாம், உயிரைக் காப்பது அட்ரினலின்தான். விலை குறைந்த, எந்த மருத்துவமனையிலும் இருக்க வேண்டிய மருந்து அது. உங்கள் வீட்டுக்கு அருகே இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இப்போதே பார்த்துவையுங்கள். "இறால் ஒவ்வாமை, அட்ரினலின் முதலில்" என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரப்பானுக்கு வருகிறேன். அதன் வேர் பெரும்பாலும் தோலில்தான், தட்டில் அல்ல. தோலின் தடுப்புச் சுவர் பிறவியிலேயே பலவீனமாக இருக்கிறது. ஈரம் வெளியேறுகிறது, அரிப்பு வருகிறது. குளிக்கவைத்து ஒற்றியெடுத்த உடனே, தோல் ஈரமாக இருக்கும்போதே, உடம்பு முழுக்க வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தாராளமாகப் பூசுங்கள். இரவு இன்னொரு முறை. வாங்க வசதியில்லாவிட்டால் நல்ல தேங்காயெண்ணெய் போதும். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், மினரல் எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காயெண்ணெய் நன்றாகப் பலன் தந்தது. சிவந்து தடித்த இடத்தில் மருத்துவர் எழுதிய மிதமான ஸ்டீராய்டு க்ரீமை, அவர் சொன்ன நாட்களுக்குப் பயப்படாமல் பூசுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாக எடுத்துக் கொடுக்கும், மூன்று நான்கு மருந்து கலந்த ட்யூபைத் தொடவே வேண்டாம். பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு அறிவித்தது. இன்றும் கேட்டவுடன் கிடைக்கிறது, தோல் மெலிந்து போன குழந்தைகள் இன்றும் என்னிடம் வருகிறார்கள்.

வெடித்த தோலில் கடலைமாவு, பயத்தமாவு, பாதாம் எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். தோல் வழி பற்றி மேலே சொன்னதற்கு ஜப்பானே சாட்சி. கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

சின்னவளுக்கு நல்ல செய்தி இருக்கிறது. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2000-ல் சொன்னது. ஆதாரம் இல்லை என்று 2008-ல் விலக்கிக்கொண்டது. அதே 2008-ல், பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளில் 1.85 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் 0.17 சதவீதம்தான் என்று தெரியவந்தது. இஸ்ரேல் குழந்தைகள் ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுகிறார்கள். இதைச் சோதிக்க லண்டனில் கிடியன் லாக் குழுவினர், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதமான 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. 2015-ல் முடிவு வந்தது. ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு. அவர்கள் வளர்ந்து பதின்வயதை எட்டிய பிறகும் அந்தப் பாதுகாப்பு நீடிப்பதாக 2024-ல் தெரிந்தது. சாப்பிட்டுப் பாதுகாப்புப் பெற்ற அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் வேர்க்கடலைக்கான ஐஜிஜி4 அதிகம் இருந்தது. உங்கள் முகாம்காரர்கள் அவர்களுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள்.

ஆறு மாதம் முடிந்து, கேழ்வரகுக் கூழோ பருப்புச் சாதமோ சாப்பிடப் பழகியதும் தொடங்குங்கள். வேர்க்கடலையை வறுத்து, தோல் நீக்கி, எண்ணெய் பிரியும்வரை மிக்ஸியில் மைய அரையுங்கள். வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, முதல் நாள் கரண்டி நுனியில் தொட்டுக் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் மெல்ல மெல்லக் கூட்டி, ஒரு வேளைக்கு இரண்டு டீஸ்பூன் விழுது, வாரம் மூன்று முறை என்று கொண்டுவாருங்கள். அதேபோல நன்றாக வேகவைத்த முட்டையும். முழுக்கடலையும் கடலை மிட்டாயும் ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். அவளுடைய கன்னத்துச் சொறி உடம்பெல்லாம் பரவிக் கடுமையாகிவிட்டால் மட்டும், கடலை தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மகனுக்கு ஒவ்வாமை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். குழந்தை ஒவ்வாமைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு, காத்திருக்க நேரிடும். ஆனாலும் முகாமுக்குத் திரும்பாதீர்கள். தோல் குத்துப் பரிசோதனை என்றால் முன்கையில் ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள், ரத்தம் வராது, கால் மணி நேரத்தில் முடிவு தெரியும். இறாலுக்கும் நண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, செட்டிரிசின் போன்ற அரிப்பு மருந்துகளை நிறுத்த வேண்டும். சளி சிரப்பிலும் அதே வகை மருந்து இருக்கும், லேபிளைப் பாருங்கள். நிறுத்தாமல் போனால் ஒவ்வாமை இருந்தும் இல்லை என்று முடிவு வரும். மாய்ஸ்சரைசரை நிறுத்த வேண்டாம், பரிசோதனை நாளன்று முன்கையில் மட்டும் எதுவும் பூசாமல் கூட்டிப்போங்கள்.