தேயிலை விலை ஏறவில்லை, ஐயா!

கேள்வி: டீக்கு வரி போட்டான் என்பதற்காகக் கப்பலில் ஏறி அத்தனை டீயையும் கடலில் கொட்டி, எட்டே வருஷம் சண்டை போட்டு வெள்ளைக்காரனை விரட்டிவிட்டார்கள் அமெரிக்கர்கள். நாம் மட்டும் இருநூறு வருஷம் கைகட்டி நின்றோம். நம்மாட்களுக்கு ரோஷம் கம்மி என்பதைத் தவிர வேறென்ன காரணம்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் டீ விஷயத்தை முடித்துவிடுவோம். 1773-ல் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தால் அமெரிக்காவில் டீ விலை ஏறவில்லை, இறங்க இருந்தது. ஒரு பவுண்டு தேயிலைக்கு மூன்று பென்னி வரி என்பது 1767-லிருந்தே இருக்கிறது. புதுச் சட்டம் செய்ததெல்லாம், கடனில் மூழ்கிக் கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, லண்டன் கிடங்கில் தேங்கிக் கிடந்த சரக்கை நேராக அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்த் தன் ஏஜெண்டுகள் மூலம் மலிவாக விற்கலாம் என்று வழி செய்து கொடுத்ததுதான். டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவந்த டீயைவிடவும் அது மலிவு. அப்படியென்றால் வயிறு எரிந்தது யாருக்கு? கடத்தல் டீயில் காசு பார்த்தவர்களுக்கும், முறையாக இறக்குமதி செய்துகொண்டிருந்த வியாபாரிகளுக்கும்! சரி, அது மட்டும்தான் என்று சொன்னால் நானும் பொய் சொன்னவனாவேன். நாங்கள் ஆள் அனுப்பாத நாடாளுமன்றம் எங்கள் மீது வரி போட உரிமையில்லை என்று 1765 முத்திரைத்தாள் வரியிலிருந்தே அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலிவு டீயை வாங்கிக் குடித்தால் அந்த உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற கணக்கும் உண்மையானதுதான்.

இதில் நம் சங்கதியும் ஒன்று உண்டு. 1770-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோதும் நிலவரியை விடாமல் வசூலித்த அதே கம்பெனிதான் இது. அங்கே செய்ததை நாளைக்கு நமக்கும் செய்வான் என்று அமெரிக்கர்கள் துண்டுப் பிரசுரத்திலேயே எழுதினார்கள். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் மொஹாக் பழங்குடிகள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு மூன்று கப்பலில் ஏறி 340 சொச்சம் பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். நம்மில் பலர் நினைப்பதுபோல் அது அசாம் டீ அல்ல, அத்தனையும் சீனத் தேயிலை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைக்காரனை விரட்டினார்கள் என்கிறீர்களே, விரட்டியவன் யார்? அவனும் வெள்ளைக்காரன்தான். அங்கே போய்க் குடியேறி, இருந்தவர்களைத் துரத்தி நிலம் பிடித்தவர்கள், ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களோடு போட்ட பங்காளிச் சண்டை அது. 1763-ல் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது, அது பழங்குடிகளின் நிலம் என்று ராஜா உத்தரவு போட்டதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. கட்டபொம்மனோடு ஒப்பிட வேண்டுமானால் வாஷிங்டனை இழுக்காதீர்கள், அந்தப் பழங்குடித் தலைவர்களைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அமெரிக்கப் புரட்சிக்கு நம் ஊரில் ஈடு தேடினால், சென்னைக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் லண்டனுக்கு எதிராகக் கிளம்பியிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒன்று நடக்கவும் செய்தது. அங்கே ஜூலை 4, 1776-ல் சுதந்திரப் பிரகடனம். ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 24-ஆம் தேதி, சென்னை கவர்னர் பிகாட் பிரபுவை அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்துவிட்டார்கள். என்ன காரணம், சுதந்திரமா? ஆற்காடு நவாப் கையில் இருந்த தஞ்சாவூரை அதன் ராஜாவுக்கே அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நவாபுக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூர் நெல்லிலிருந்து அதைக் கறந்துவிடலாம் என்று காத்திருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. மனுஷன் காவலிலேயே மறுவருஷம் செத்தும் போனார்.

ரோஷம் என்கிறீர்கள். 1801-ல் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய மருது பாண்டியர் அறிக்கையை ஒருமுறை தேடிப் படியுங்கள், அப்புறம் பேசுவோம். ஐந்து வருஷத்தில் வேலூர் சிப்பாய்கள் எழுந்தார்கள். மருதுவுக்கு இல்லாமல் போனதும் வாஷிங்டனுக்கு வாய்த்ததும் ரோஷமல்ல, பிரான்ஸ். 1777-ல் சரடோகாவில் ஆங்கிலேயர் தோற்றதைப் பார்த்துவிட்டு மறுவருஷமே பிரெஞ்சு ராஜா கூட்டுச் சேர்ந்தார். 1781-ல் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸைச் சுற்றி வளைத்த படையில் ஏறக்குறைய பாதி பிரெஞ்சுக்காரர்கள், கடல் வழியை மறித்தது முழுக்க அவர்கள் கப்பல். அந்தக் காரன்வாலிஸ்தான் ஐந்து வருஷத்தில் நமக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார்; திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கியதும் அவரே. அந்த அமெரிக்கப் போரின் வால்தான் நம் கடலூரில் 1783 ஜூனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் போட்ட சண்டை. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் எழுதிவிட்டார்கள், செய்தி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. நடுவில் இரண்டு பக்கமும் சிப்பாய்களாக நின்று செத்தவர்களில் நம்மவர்களும் உண்டு.

சுதந்திரம் யாருக்கு என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. மனிதர் எல்லாரும் சமம் என்று பிரகடனம் எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். அன்றைக்கு அந்தக் காலனிகளில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து துப்பாக்கி ஏந்தினால் விடுதலை என்று அறிவித்தார். அவருக்கு ஒன்றும் கருணை பொங்கவில்லை, ஆள் பலம் தேவைப்பட்டது. ஆனால் ஓடியவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை? வாஷிங்டனின் பண்ணையிலிருந்தே ஹாரி என்ற ஓர் அடிமை ஓடிப்போய் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் பிறந்து, பிடித்து விற்கப்பட்டு வந்தவர். போர் முடிந்ததும் கப்பலேறி இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியா போனார், அங்கே குளிரிலும் கல்லு நிலத்திலும் காலம் தள்ளி, 1792-ல் ஆப்பிரிக்காவுக்கே, சியரா லியோனுக்குத் திரும்பினார். எஜமானின் பெயரையே ஒட்டி அவரை ஹாரி வாஷிங்டன் என்றார்கள். அந்த ஊரையும் லண்டன் கம்பெனி ஒன்றுதான் நடத்தியது, கொடுத்த நிலத்துக்கு வரி கேட்டது. குடியேறியவர்கள் கட்ட மாட்டோம் என்று 1800-ல் எழுந்தார்கள், ஹாரியும் அதில் ஒருவர். பழைய எஜமான் செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனி விசாரணை நடத்தி அவரை ஊரைவிட்டே துரத்தியது.