கேள்வி பதில்: பட்டத்துக்கும் பதவிக்கும் நடுவே

கேள்வி: மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்த தமிழர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, எங்கள் காலத்துப் பட்டதாரிகளின் சாதனைகளைத் தொகுத்து ஒரு மலர் வெளியிட எண்ணியுள்ளோம். டான் ஸ்ரீ, டத்தோ விருது பெற்றவர்களையும் உயர்பதவி வகித்தவர்களையும் சேர்த்தால் போதும் என்கிறார் குழுவில் ஒருவர். தங்கள் கருத்து என்ன?
- ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, பெட்டாலிங் ஜெயா

பதில்: விருதையும் பதவியையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் மலர் வேலை விரைவில் முடிந்துவிடும். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டு எந்தத் துறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அந்த மலரால் ஒரு பயனும் இராது. பட்டம் வாங்கிய நாளுக்கும் பேர் வாங்கிய நாளுக்கும் நடுவே அந்த மனிதர் என்ன செய்தார், எங்கே தட்டுத்தடுமாறினார், யார் கைகொடுத்தார் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது. நம்மவர் வெளியிடும் மலர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

டாக்டர் எம். கே. இராஜகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் மருத்துவம் படித்த அவர், 1954ஆம் ஆண்டு ‘ஃபஜார்’ என்னும் மாணவர் இதழில் வந்த ஒரு கட்டுரைக்காகக் காலனி அரசு அரசநிந்தனை வழக்குத் தொடர்ந்த எட்டு மாணவர்களுள் ஒருவர். வழக்கிலிருந்து எட்டுப் பேரும் விடுவிக்கப்பட்டார்கள். பின்னர் அவர் கோலாலம்பூரில் சாதாரணக் குடும்ப மருத்துவராகத் தொழில் நடத்தினார். சிறப்பு மருத்துவர்களுக்கே மதிப்பு என்றிருந்த காலத்தில், குடும்ப மருத்துவத்திற்கும் முறையான பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்று சக மருத்துவர்களைத் திரட்டினார். அம்முயற்சியில் 1973இல் உருவான அமைப்பே இன்றைய மலேசியக் குடும்ப மருத்துவர் கழகம். உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின் தலைவராகவும் 1986 முதல் 1989 வரை இருந்தார். பதவியை மட்டும் பார்த்தால் கடைசி வரி ஒன்றுதான் உங்கள் மலரில் வரும். வழக்கையும் கிளினிக்கையும் விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் அச்சிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதே வழக்கில் நின்ற எட்வின் தம்பு, தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவர், பிற்காலத்தில் சிங்கப்பூரின் முதன்மையான ஆங்கிலக் கவிஞராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் எத்தனை வெவ்வேறு திசைகளுக்குப் போனார்கள் என்று காட்டினாலே அது ஒரு நல்ல பக்கமாகிவிடும்.

ஒவ்வொரு பட்டதாரியிடமும் விருதுப் பட்டியல் கேட்பதற்கு முன்னால் வேறு சில செய்திகளைக் கேளுங்கள் என்பது என் வேண்டுகோள். எந்த ஊர்ப் பள்ளியிலிருந்து, எந்தப் பாடப்பிரிவுக்கு, யார் பணத்தில் வந்தார். முதல் வேலை என்ன, அதற்கு எத்தனை மாதம் காத்திருந்தார். தாம் போவதற்கு முன் அவ்விடத்தில் இல்லாத எதை உருவாக்கிவிட்டு வந்தார். கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தவர், தோட்டத்து மருத்துவமனையில் பணியாற்றியவராக இருந்தாலும் சரி, அவருக்கு முழுப்பக்கம் கொடுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகம் தொடங்கியது 1905ஆ, 1949ஆ? மலரில் எதைப் போடுவது?
- மேற்படி குழுவைச் சேர்ந்த மற்றொருவர்

பதில்: இரண்டையும் போட்டு விளக்குங்கள். 1905இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அதுவும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. கோலாலம்பூர்ப் பிரிவு 1959இல் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்து, 1962 ஜனவரி முதல் நாளன்று தனிப் பல்கலைக்கழகம் ஆனது; சிங்கப்பூரில் இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. ஆகவே 1962க்கு முன் அங்கே பட்டம் பெற்றவர்களைச் சிங்கப்பூர்க்காரர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சிங்கப்பூரின் அதிபராக 1999 முதல் 2011 வரை இருந்த எஸ். ஆர். நாதன், பள்ளிப்படிப்பு பாதியில் நின்றுபோய், எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் படித்து, முப்பது வயதை நெருங்கும்போது அங்கே சமூக ஆய்வியல் டிப்ளோமா பெற்றவர். 1954இல் அதை முடித்து, மருத்துவச் சமூகப் பணியாளராகத் தொடங்கினார். மூவார் ஊரில் சிறுவயதைக் கழித்த அவருடைய கதை ஜொகூர்த் தமிழர்களுக்கும் உரியது.

கேள்வி: என் மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இடம் கிடைத்துள்ளது. அவளுக்கு மிகவும் விருப்பம். ஆனால் ‘தமிழ் படித்து என்ன வேலைக்குப் போவாள்’ என்று என் அண்ணன் உட்பட எல்லாரும் கேட்கிறார்கள். அத்துறையில் படித்தவர்கள் என்னதான் ஆனார்கள், ஐயா?
- ஒரு தாயார், செந்தூல்

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் அக்கறையினால்தான் கேட்கிறார், அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தத் துறை அரசாங்கம் தானாக மனமுவந்து கொடுத்த ஒன்றன்று. அது 1956இல் தொடங்கிய காலத்தில், அதில் தமிழுக்கே முதன்மை வேண்டும் என்று நம் சமூகம் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது, பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராத தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். 1960களில் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உங்கள் மகள் போய் உட்காரப்போகும் இடத்தின் வரலாறு இது.

இனி, வேலை. ரெ. கார்த்திகேசு கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1940இல் பிறந்தவர். வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் படித்தார். அதன் பின் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியலும், இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் முடித்து, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியராக உயர்ந்தார். 2016இல் மறையும்வரை நாவல், சிறுகதை, திறனாய்வு என்று தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். தமிழ் படித்ததனால் அவருக்கு எந்தக் கதவும் மூடவில்லை. தமிழோடு இன்னொரு துறையையும் சேர்த்துக்கொண்டதனால் புதிய கதவுகள் திறந்தன.

அந்தச் சேர்க்கையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் பட்டம் மட்டும் இருந்தால் ஆசிரியர் நியமனம் தானாக வந்துவிடும் என்று எண்ணிப் படிக்கும் பிள்ளைகள் பின்னர் மனம் வெதும்புகிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை ஆசிரியர் கல்விக் கழகங்கள் உருவாக்குகின்றன. இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கு தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்பு உண்டு. இந்திய ஆய்வியல் பட்டதாரி பள்ளியில் கற்பிக்க விரும்பினால், பட்டத்திற்குப் பிறகு கல்வியியல் டிப்ளோமா தேவைப்படும். ஆகவே முதலாண்டிலேயே மகள் மொழிபெயர்ப்போ, ஊடகமோ, மலாய் மொழித் தேர்ச்சியோ ஒன்றைத் தமிழோடு சேர்த்து வளர்த்துக்கொள்ளட்டும். அங்குள்ள மாணவர் அமைப்பான தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டி போன்ற வேலைகளில் கைகோத்தால், படைப்புகளைத் தொகுப்பது, அச்சகத்தோடு பேசுவது, மேடை நிகழ்ச்சியை ஒழுங்குசெய்வது எல்லாம் பாடநூலில் இல்லாமலே கைவரும். நேர்முகத் தேர்வில் பேச அவளுக்கு ஏதாவது இருக்கும். அண்ணனிடம் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே, நாற்பது வயதுக்கு மேல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வி வழியாகப் பட்டம் பெற்றவர். குடும்ப விழாக்களில் ‘அது தபால் பட்டம்தானே’ என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.
- ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: மனம் கேட்காதது நியாயமே. அப்பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கி, ஆங்கிலேயர் படைமுகாமாக இருந்த மிண்டனில் நிலைகொண்டது. இந்த நாட்டிலேயே முதன்முதலாக, வேலையில் இருப்பவர்களுக்கான வெளிவளாகப் பட்டப்படிப்பை 1971இல் தொடங்கியதும் அதுதான். பாடமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையவை. ஆண்டுக்கொரு முறை வளாகத்திற்கே வந்து தங்கித் தீவிர வகுப்பில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது.

பகலில் நாற்பது மாணவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தூங்கவைத்துவிட்டு, அதன் பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன்மேல் பாடக்குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். மற்றவர் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் பள்ளி விடுமுறையில் இவர்கள் மிண்டன் விடுதிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபது வயதில் உதவிச் சம்பளத்தில் படித்ததைவிட இது கடினம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெட்டாலிங் ஜெயா அன்பர்கள் தயாரிக்கும் மலரைப்போல் பினாங்கிலும் ஒன்று வந்தால், முதல் பக்கத்தில் உங்கள் தந்தையைப் போன்றவர்களை வைக்க வேண்டும். அடுத்த விழாவில் யாராவது அப்படிச் சொன்னால், அவர் சார்பில் நீங்கள் எழுந்து இதைச் சொல்லுங்கள், அவர் சொல்லமாட்டார்.

கேள்வி: பட்டதாரிப் பெண்களின் சாதனை என்றால் ‘கணவருக்குத் துணையாக இருந்தார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பழைய தலைமுறையில் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லையா?
- முதுகலை மாணவி, காஜாங்

பதில்: இராசம்மா பூபாலனின் பெயர் ஒன்றே போதும். ஈப்போவில் 1927இல் பிறந்து, பதின்ம வயதில் தம் அக்காளோடு நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். போர் முடிந்தபின் விட்ட படிப்பைத் தொடர்ந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து ஆசிரியை ஆனார். அக்காலத்தில் ஒரே தகுதியும் ஒரே வேலையும் இருந்தும் ஆசிரியைகளுக்கு ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம். 1960இல் ஆசிரியைகளுக்கென்று ஒரு தொழிற்சங்கத்தை நிறுவி, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடியவர்களின் முன்னணியில் நின்றார். பின்னர் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாகவும் இருந்தார்.

இன்று மாதக் கடைசியில் ஆண் ஆசிரியருக்கு இணையாகச் சம்பளம் வாங்கும் ஒவ்வோர் ஆசிரியையும் அந்தப் போராட்டத்தின் பயனைப் பெறுகிறார். பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நீங்கள் முதுகலை மாணவி. அந்தச் சங்கத்தில் அவரோடு இருந்த மற்ற ஆசிரியைகள் யார் யார் என்று தேடுவதே ஓர் ஆய்வுத் தலைப்பாகும்.

கேள்வி: பழைய பட்டதாரிகளிடம் கேட்டால், ‘நான் என்ன சாதித்தேன், விடுங்கள் தம்பி’ என்று தட்டிக்கழிக்கிறார்கள். எப்படித் தகவல் திரட்டுவது? திரட்டியதை எங்கே வைப்பது?
- இளம் விரிவுரையாளர், பினாங்கு

பதில்: சாதனை என்ற சொல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். விடுதி அறையில் உடன் இருந்தவர் யார், முதல் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன வாங்கினீர்கள் என்று தொடங்குங்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் தேடியது எல்லாம் தானாக வரும். எண்பதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். பட்டமளிப்பு விழாப் படங்களின் பின்புறத்தையும் படமெடுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். எழுதி முடித்ததை அவர்களிடமே படித்துக்காட்டித் திருத்தம் வாங்குங்கள்.

நூலாக வரும்போது தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் பெற்றுக்கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட படிகளை அங்கே ஒப்படைப்பது கட்டாயம். நம் சங்க மலர்கள் பலவும் அதைச் செய்யாமல் விட்டதனால்தான் இன்று எந்த நூலகத்திலும் அகப்படாமல் போயின. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திற்கும் ஒரு படி அனுப்புங்கள். ஒலிப்பதிவுகளை உங்கள் கணினியில் மட்டும் வைத்திராமல், நூலோடு சேர்த்து அங்கேயே கொடுத்துவிட முடியுமா என்று நூலகரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.