பை கொடுத்தாலும் பிள்ளை வரவில்லை: ஊர்க் காசை எப்படிச் செலவழிப்பது?

கேள்வி: இலங்கையில், யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர் நான். கனடாவில் இருக்கும் எங்கள் ஊராக்கள் வருடாவருடம் காசு அனுப்புவார்கள். இம்முறை மூன்று இலட்சம் ரூபா. போனமுறை விழா வைத்து 60 பிள்ளைகளுக்குப் பையும் கொப்பியும் கொடுத்தோம். அதில் ஏழெட்டுப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காக வருவதில்லை என்று அதிபர் சொல்கிறார். ‘தாய் தகப்பனுக்கு அக்கறையில்லை’ என்கிறார்கள் எங்கள் நிர்வாகத்தில் சிலர். உண்மையில் கஷ்டப்படும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? காசை எப்படிச் செலவழிப்பது?

பதில்: காசு கொஞ்ச நாள் வங்கியிலேயே கிடக்கட்டும். அதிபரின் அனுமதியோடு வகுப்பாசிரியர்களிடம் ஒரு வேலை கேளுங்கள்: போன தவணை வரவு இடாப்பை எடுத்து, அந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் எந்தெந்த நாட்களில் வரவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் என்பதை எல்லோரும் எண்ணுகிறோம். எந்த நாள் என்பதில்தான் விசயம் இருக்கிறது. இடாப்பு ஆசிரியரிடமே இருக்கட்டும், பெயர்கள் உங்கள் கூட்டக் குறிப்புக்குள் வரத் தேவையில்லை.

கரையோரப் பாடசாலை ஒன்றில் தரம் 9 மாணவி ஒருத்தி. காற்றும் மழையுமாக இருக்கிற நாட்களில் தவறாமல் வருவாள். வெயில் எறித்து கடல் அமைதியாகக் கிடந்தால் அவளைக் காணக் கிடைக்காது. குழப்படிக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். வகுப்பு ரீச்சர் வீட்டுக்குப் போன பிறகுதான் விளங்கியது. வள்ளங்கள் கடலுக்குப் போனால்தான் தாய்க்கு நண்டுச் சதை எடுக்கும் கூலி வேலை. விடிய முதலே போய்விடுவா. மூன்று வயதுத் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. இந்தப் பிள்ளைக்கு நீங்கள் நாலு பை கொடுத்தாலும் அடுத்த வெயில் நாளில் அவள் வீட்டில்தான் நிற்பாள். அவளுக்குத் தேவைப்பட்டது தம்பிக்கு ஒரு முன்பள்ளி இடமும், முன்பள்ளி விட்ட பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள அயலில் ஒரு பெத்தாச்சியும். அந்த ஆச்சிக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பது பை வாங்குவதை விடப் பயன்.

இப்படி ஒவ்வொரு பிள்ளையின் நாட்களுக்கும் ஒரு காரணம் இருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிற ரீசேட் காசு கேட்ட கிழமையிலிருந்து வராமல் நிற்கும் பிள்ளை இருக்கும். தண்ணீர் பவுசர் வரும் காலையில் பிந்தி வந்து, பிந்தியதற்கு ஏச்சு வாங்க வேண்டும் என்று பிறகு வராமலே விடும் பிள்ளை இருக்கும். தீவகத்து உவர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதத்தில் மூன்று நாள் வராத பெண்பிள்ளைகளின் காரணத்தை பெண் ஆசிரியை ஒருவர் கேட்டால் போதும். கிழமைக் கடன்காரன் வரும் நாளில் தாய் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு.

அக்கறையில்லாத பெற்றோர் என்ற பேச்சுக்கு வருகிறேன். 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கையில் காசு வற்றிய நேரத்தில் ஒருமுறையும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகு ஒருமுறையும் சிந்தனைத் திறன் பரீட்சை வைத்தார்கள். முதல்முறை செய்ததை விட இரண்டாம் முறை நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள்தான். நாளைக்கு உலை வைக்க அரிசி இருக்கா என்ற யோசனை தலைக்குள் இடம் பிடித்திருந்தால், பெற்றார் கூட்டத் திகதி மறந்துதான் போகும். கூட்டத்தை வேலை நாள் காலையில் வைத்துவிட்டு, வராத தாயைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்றுதானே கேட்கிறோம்.

அடுத்தது, அரசு தர வேண்டியதை உங்கள் காசில் வாங்கிக் கொடுக்காதீர்கள். பாடநூல் 1980 முதலும் சீருடை 1993 முதலும் இலவசம். பஸ்ஸுக்குப் பருவச்சீட்டு எடுத்தால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடைந்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு இருக்கிறது. 2025இல் அந்தக் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 6,000 ரூபா கற்றல் உபகரணக் கொடுப்பனவும் வழங்கப்பட்டது. ஆனால் பிறப்புச் சான்றிதழில் பிழை, இடம்பெயர்ந்து வந்த பிறகு மாறாத விலாசம், தாயிடம் அடையாள அட்டை இல்லை என்று பட்டியலுக்கு வெளியே நிற்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் நிலையத்தில் சனிக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் இருவரை இருத்துங்கள். போட்டோப்பிரதிக் காசும் பஸ் காசும்தான் செலவு. அங்கே முடியாததைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோங்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பழக்கம் பிடித்து வையுங்கள்.

கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக்கப்பட்டது; 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 16 ஆனது. பதினைந்து வயதுப் பெடியன் மீன் வாடியில் வேலைக்கு நின்றால் அது வீட்டு விசயம் மட்டும் அல்ல. அதற்காக எடுத்த எடுப்பில் முறைப்பாடு எழுத வேண்டாம். விதானையார் (கிராம அலுவலர்), அதிபர், நீங்கள் மூவரும் முதலில் அந்த வீட்டில் இருந்து கதையுங்கள். அடி, துன்புறுத்தல் சந்தேகம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

இனி மூன்று இலட்சம். ஒரு இலட்சத்துக்கு மேல் தை மாதத்தில் செலவழிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் கஷ்டம் தவணை தொடங்கும் நாளில் மட்டும் வருவதில்லை. மாரியில் வயல் வெள்ளம், கடலும் இறங்க முடியாது, கூலி வேலை நின்றுவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் காசு மிஞ்சியிருக்க வேண்டும். மீதியை அதிபர், உங்கள் பொருளாளர் இருவரின் கையொப்பத்தில் வையுங்கள். சைக்கிள் ரயர், சப்பாத்து, விளையாட்டு ரீசேட், மூக்குக்கண்ணாடி போன்ற சின்னச் செலவுகளுக்கு வகுப்பாசிரியர் கேட்ட அன்றே கொடுக்க முடிய வேண்டும். கூட்டம் கூடித் தீர்மானம் எடுக்கும்வரை பிள்ளை வீட்டில் நிற்கக் கூடாது.

சப்பாத்தைச் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். வெட்கப்படாமல் நாலு பேர் முன்னால் வர இங்கிலாந்தில் தோல் சப்பாத்து அவசியமாகிவிட்டது என்று 1776இலேயே அடம் ஸ்மித் எழுதினார். நமக்கு அது வெள்ளைச் சப்பாத்து.

ரியூசன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். காசில்லாப் பிள்ளைகளைச் சும்மா இருந்து படிக்க விடும் ரியூட்டரி ஆசிரியர்கள் பலர். பிரச்சினை, மற்றப் பிள்ளைகள் காசு கட்டிய காட்டை (அட்டையை) நீட்டும்போது இந்தப் பிள்ளையிடம் காட் இல்லை. நிலையம் நேரே ஆசிரியரோடு பேசிக் கட்டணத்தைக் கட்டி, எல்லாரையும் போல ஒரு காட் எடுத்துக் கொடுக்கலாம். உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பனவு கொடுத்து, பின்னேரம் ஆறு முதல் எட்டு வரை வாசிகசாலையில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க வைப்பது இன்னும் நல்லது. எல்லாப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கட்டும். ‘வறிய மாணவர் வகுப்பு’ என்று பலகை எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள்.

கனடாவில் படம் கேட்பார்கள். மேடையில் பை வாங்கும் பிள்ளையின் படத்தை அனுப்பாதீர்கள், முகநூலிலும் போடாதீர்கள். தவணைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்கு எதற்காக எவ்வளவு செலவானது, அவர்களின் வரவு போன தவணை எத்தனை நாள், இந்தத் தவணை எத்தனை நாள், கையிருப்பு எவ்வளவு. பற்றுச்சீட்டுப் பிரதிகளையும் வையுங்கள். படம் கட்டாயம் வேண்டும் என்றால் பின்னேர வகுப்பு நடக்கும் மண்டபத்தை, பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருந்து எடுத்து அனுப்பலாம்.