கவிதையின் மொழி ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? இதனால் மரபு அழிந்துவிடாதா?

அழியாது. நாம் மரபு என்று சொல்வதே ஒரு காலத்துச் சரக்கு இல்லை. எட்டுத்தொகையில் கலித்தொகையும் பரிபாடலும் தவிர மற்றவை பெரும்பாலும் அகவல், அதாவது ஆசிரியப்பா. எதுகை வந்தால் வரும், கட்டாயம் இல்லை. கம்பர் ஆண்ட விருத்தம் என்ற பாவகை குறுந்தொகைப் புலவர்கள் அறியாத வடிவம். அது தேவாரத்தில் வளர்ந்து, சீவக சிந்தாமணியில் ஒரு காப்பியத்தையே தாங்கும் அளவுக்கு வலுவானது. "மரபு போச்சு" என்பவரிடம் எந்த நூற்றாண்டு மரபு என்று கேட்கலாம்.

சரி, மாற்றம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஏட்டுக்கு வெளியே இருந்தவர்களின் பாட்டிலிருந்து என்பது என் எண்ணம். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை இருக்கிறது. மாணிக்கவாசகர் பெண்கள் அம்மானை ஆடும் பாட்டையும் சுண்ணம் இடிக்கும் பாட்டையும் சிவனுக்கு ஆக்கினார். பெரியாழ்வார் தாலாட்டை எடுத்தார், பாரதி சிந்தையும் கும்மியையும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். ஒரு சாவு வீட்டில் பாட்டி பாடிய ஒப்பாரி இன்னும் காதில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த பொன்னும் பல்லக்கும் முதலில் வரும். திடீரென்று, நாளைக்குப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் கூப்பிட்டால் யார் சாமி பதில் சொல்வது என்று கேட்பார். அப்புறம் ரப்பர் பால் நிறைந்த மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்), எடுக்க ஆளில்லாத வாளி. பல்லக்கு வந்தபோது சும்மா இருந்தவர்கள் பெரட்டு என்றதும் உடைந்து அழுதார்கள். கவிதைக்குப் புதுச் சொல் ஏன் தேவை என்று எனக்கு அன்றே விளங்கிவிட்டது.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயத்துச் சனம் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் போனது. ஊர் கூடிக் கேட்காத இடத்தில் ஒப்பாரி நிற்பதில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஏட்டுப் பக்கம் 1934இல் ந. பிச்சமூர்த்தி யாப்பை விட்டுப் புதுக்கவிதை எழுதினார். மலேசியாவில் 1960களில் புதுக்கவிதை பத்திரிகைகளுக்கு வந்தது.

இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்லிசை, அதாவது ராப், எழுதுகிறார்கள். மலாய் கலக்கிறது, கடைத்தெருப் பேச்சு அப்படியே வருகிறது. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள்: அடிக்கு அடி எதுகை, இயல்பாக விழும் மோனை. புதுக்கவிதை கழற்றி வைத்ததை இவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். யாரும் இவர்களுக்கு யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கண நூலை நடத்தவில்லை. பள்ளிக் கவிதைப் போட்டிகளில் இவர்களையும் மேடை ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் வீட்டில் ஒப்பாரியோ தாலாட்டோ தெரிந்த பாட்டி இருந்தால் இந்த வாரமே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பதியும்போது "நல்ல தமிழ்ல பாடுங்க பாட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.