வாசகர் கேள்வி – பதில்: டிராகுலா பிரபு மேடைக்கு வந்ததும் பயம் போய்விட்டதே!

கேள்வி: பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். அண்மையில் அதன் மேடை வடிவத்தைப் பேராவலோடு பார்க்கப் போய், இடைவேளையிலேயே எழுந்து வந்துவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு ஏமாந்தேன். திரை விலகியதுமே கறுப்பு மேலங்கியோடு வந்து நின்ற இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு, கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார். அவர் இங்கிலாந்துக்கு வரும் கப்பல் பயணம் ஒரே வசனத்தில் முடிந்துவிட்டது. நாவலை மாற்றியது அவர்கள் குற்றமா, நாவலை மனத்தில் சுமந்துகொண்டு அரங்குக்குப் போனது என் குற்றமா?

பதில்: உங்கள் மீது குற்றம் ஏதுமில்லை. நாவலை மாற்றியதையும் நான் குற்றமாகக் கருதவில்லை. மாற்றாமல் எந்த நாவலும் மேடையேற முடியாது. எந்த இடத்தில் கை வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த நாவல் முழுவதும் நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றால் ஆனது என்பதை நீங்கள் அறிவீர்கள். நாவலின் முற்பகுதியில் ஒருவர் எழுதி வைத்தது மற்றவருக்குத் தெரியாது. அப்போது எல்லாத் தாள்களையும் வரிசையாகப் படிப்பவர் நாம் ஒருவரே. பிரபுவுக்கு இரையாகும் லூசியின் கழுத்தில் இருக்கும் இரண்டு சிறு புள்ளிகளை அவளுடைய தோழி மீனா ஊக்கு குத்திய காயம் என்று எண்ணி எழுதும்போது, அது என்னவென்று நமக்குத் தெரிந்திருந்தும் அவளை எச்சரிக்க வழியில்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தக் கையாலாகாத தவிப்புதான் நாவலின் பயம். அதோடு, மொத்தமுள்ள 27 அத்தியாயங்களில் பிரபுவை நாம் அருகிலிருந்து பார்ப்பது பெரும்பாலும் முதல் நான்கில்தான். அதன் பிறகு அவர் சன்னலில் மோதும் வௌவாலாகவும், தொலைவில் கேட்கும் ஓநாயின் ஊளையாகவும் இருக்கிறாரே தவிர, நேரில் தோன்றுவது மிக அரிது. எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்ல வைத்து, நடுவில் பிரபுவையும் நிறுத்திவிட்டால், நாம் அஞ்சுவதற்கு என்ன மிஞ்சும்?

முகச்சவரக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பிரபுவின் கோட்டைக்கு வந்து தங்கியிருக்கும் இளம் வழக்கறிஞன் ஜோனதன் ஒரு சிறிய கண்ணாடியைச் சன்னலருகே மாட்டிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருக்கிறான். தோள் மீது ஒரு கை விழுகிறது. பிரபுவின் குரல் காலை வணக்கம் சொல்கிறது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் அறை முழுவதும் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருக்க, அவர் வந்தது மட்டும் அதில் தெரியவில்லை. நாம் அந்தக் கண்ணாடிக்குள் ஜோனதனின் கண்களால் பார்ப்பதால்தான் உடம்பு சிலிர்க்கிறது. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அந்தக் கண்ணாடி ஒரு வெளிச்சப் பொட்டு மட்டுமே; ஆகவே நடிகர் அதை உரக்கச் சொல்ல வேண்டியதாகிறது, சொன்ன கணமே சிலிர்ப்பு செய்தியாகிவிடுகிறது.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், நீங்கள் பார்த்த நாடகம் நாவலிலிருந்து நேரடியாகப் பிறந்தது அன்று என்றே தோன்றுகிறது. லண்டனில் லைசியம் அரங்கின் நிர்வாகியாக இருந்த ஸ்டோக்கர், நாவல் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்னதாக, 1897 மே 18 அன்று, நாடக உரிமையைக் காப்பதற்காக அதை அங்கேயே வாசிக்கச் செய்தார். அது நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. உண்மையான மேடைத் தழுவல் 1924இல் டெர்பி நகரில் ஹாமில்டன் டீன் அரங்கேற்றியதுதான். ஊர் ஊராகச் செல்லும் குழுவுக்கு மலைக்கோட்டையும் கப்பலும் கட்டுப்படியாகாது. எனவே அவர் பிரபுவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவைக் கைவிட்டு, கதையை லண்டன் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். நாவலில் வெள்ளை மீசையோடு முதலில் தோன்றும் கிழவர், வரவேற்பறைக்குப் பொருந்தும் கனவானாக மாறியது இப்படித்தான். அந்த நிமிர்ந்த கழுத்துப்பட்டை கொண்ட மேலங்கிக்கும் ஒரு தேவை இருந்தது: நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பட்டை தலையை மறைத்துக்கொள்ளும், அவர் மேலங்கியிலிருந்து நழுவி மேடைத் தளத்தின் கதவு வழியாகக் கீழே இறங்கிவிடுவார், வெறும் துணி மட்டும் மிஞ்சும். 1927இல் ஜான் பால்டர்ஸ்டன் திருத்தி எழுதிய வடிவம் நியூயார்க்கில் பேலா லுகோசியின் நடிப்போடு மேடையேறி, 1931இல் திரைப்படமாகவும் ஆனது. அன்று முதல் மேலங்கி நிலைத்துவிட்டது. அதற்குள் இருந்த வித்தையை விட்டுவிட்டு உடையை மட்டும் வைத்துக்கொள்ளும் குழுக்கள் மீதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: அப்படியானால் திகில் நாவல்களை மேடையேற்றவே கூடாதா?

பதில்: தாராளமாக மேடையேற்றலாம். சூசன் ஹில் 1983இல் எழுதிய 'தி வுமன் இன் பிளாக்' நாவலை ஸ்டீபன் மல்லட்ராட் 1987இல் நாடகமாக்கியபோது, பேசுவதற்கு இரண்டே நடிகர்களை வைத்துக்கொண்டார். ஒரு பிரம்புக் கூடை குதிரை வண்டியாகிறது. ஸ்பைடர் என்ற நாய் மேடையில் இல்லவே இல்லை, நடிகரின் கை அசைவில்தான் அது இருக்கிறது. இல்லாத நாயை நம்பத் தொடங்கிய பார்வையாளர், இருட்டில் இல்லாத வேறொன்றையும் நம்பிவிடுகிறார். அந்த நாடகம் லண்டனில் 1989 முதல் 2023 வரை ஓடியது.

உங்களை வருத்திய கப்பல் பகுதியையும் அப்படி மேடையேற்றிவிட முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். மாலுமிகள் ஐவர், துணை அதிகாரிகள் இருவர், சமையற்காரர், கப்பல் தலைவர் என ஒன்பது பேரோடு 'டிமீட்டர்' என்ற அந்தக் கப்பல் புறப்படுகிறது. ஒரு மேசை, ஒரு விளக்கு, பயணக் குறிப்பேட்டை வாசிக்கும் கப்பல் தலைவர், அவருக்குப் பின்னால் எட்டு நாற்காலிகள்: இவ்வளவு போதும். அவர் ஒவ்வொரு நாளின் குறிப்பையும் வாசித்துவிட்டு நிமிரும்போது ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும். பிரபு அந்தக் காட்சியில் வரவே வேண்டாம்.