டிரெய்லரை இழுக்கும்போது பெட்ரோல் எங்கே போகிறது? (கேள்வி பதில்)

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் அதைச் சுற்றியும் எஸ்யூவி, மினிவேன் போன்ற வண்டிகளில் சிறிய பயண டிரெய்லர்களை இழுத்துச் செல்லும் வாசகர்கள் இந்தக் கோடையில் அனுப்பிய கேள்விகள் சுருக்கித் தரப்பட்டுள்ளன. பதில்களில் வரும் கணக்குகள் சமதளச் சாலைக்கும், பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ 27 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் எஞ்சினுக்கும் போடப்பட்டவை. உங்கள் வண்டிக்கு எண்கள் சற்று மாறினாலும் எது பெரிது, எது சிறிது என்ற வரிசை மாறாது.

மிசிசாகா வாசகர்: 1,200 கிலோ எடையுள்ள "இலகு எடை" டிரெய்லர் வாங்கினோம். எங்கள் எஸ்யூவி தனியாக ஓடினால் 100 கி.மீ.க்கு 9 லிட்டர் போதும். டிரெய்லருடன் 18 லிட்டர் ஆகிறது. எடை குறைவென்பதால் மைலேஜ் பெரிதாக அடிவாங்காது என்று விற்றவர் சொன்னார். வண்டியில் ஏதேனும் கோளாறா?

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் கேட்டுப் பெற்ற எண்தான் தவறு. விற்றவரிடம் கிலோவைக் கேட்டதற்குப் பதிலாக, டிரெய்லரின் உயரத்தையும் அகலத்தையும் கேட்டிருக்க வேண்டும். சமதளத்தில் ஒரே வேகத்தில் செல்லும்போது 1,200 கிலோவை உருட்டிக்கொண்டு போகச் சுமார் 140 நியூட்டன் விசை போதும். அதற்கான செலவு 100 கி.மீ.க்கு ஒன்றரை லிட்டர். 2.1 மீட்டர் அகலமும் 2.6 மீட்டர் உயரமும் கொண்ட பெட்டி வடிவ டிரெய்லர், காருக்குப் பின்னால் நின்றுகொண்டு அதன் கூரைக்கு மேலும் பக்கவாட்டிலும் நீட்டியிருக்கும் பகுதியால் 100 கி.மீ. வேகத்தில் சந்திக்கும் காற்றுத்தடையோ ஏறத்தாழ 700 நியூட்டன், அதாவது ஏழரை லிட்டர். இரண்டையும் கூட்டினால் உங்களுடைய கூடுதல் 9 லிட்டருக்குக் கணக்குச் சரியாகிவிடுகிறது.

எடைக்கு இதில் எவ்வளவு சிறிய பங்கு என்பதை நம்ப மறுப்பவர்களுக்காக ஒரு பழைய செய்தி. 1947இல் ஆல்ஃபிரெட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் ஒன்றைத் தம் சைக்கிளில் கட்டி இழுத்தார். அந்தப் படத்தை அந்த நிறுவனம் இன்றுவரை விளம்பரமாகக் காட்டுகிறது. டிரெய்லர் எவ்வளவு இலகுவானது என்று காட்டுவதே அவர்களுடைய நோக்கம். எனக்கு அந்தப் படம் சொல்வது வேறு: சைக்கிள் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை என்பதால், ஒரு மனிதனின் கால்களே சக்கரங்களை உருட்டப் போதுமானவையாக இருந்தன.

எடைக்கு விலை கொடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று மேடு: 1,200 கிலோவை 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் சுமார் 0.6 லிட்டர் செலவாகும். சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிச் செல்லும் 17ஆம் நெடுஞ்சாலையில் ஏறி இறங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு, இறக்கத்தில் பிரேக் மிதித்து வீணாக்கும் பங்கு கணக்கில் சேரும். மற்றொன்று, அடிக்கடி நின்று புறப்படும் நகரச் சாலை.

ஸ்கார்பரோ வாசகர்: தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு போனால் எவ்வளவு மிச்சமாகும்?

100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ. அதைக் குறைத்தால் 100 கி.மீ.க்கு 0.13 லிட்டர் மிச்சமாகும். வேகத்தை 100இலிருந்து 95ஆகக் குறைத்தால் காருக்கும் டிரெய்லருக்கும் சேர்த்து 1.2 லிட்டர் குறைகிறது. சமதளத்தில் ஸ்பீடோமீட்டரின் அந்த 5 கி.மீ., ஏறத்தாழ 900 கிலோவை இறக்கி வைப்பதற்குச் சமம். தண்ணீரைக் கொண்டு போவதா வேண்டாமா என்பதை முகாமில் குழாய் இருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

ஒட்டாவா வாசகர்: 401ஆம் நெடுஞ்சாலையில் எல்லோரும் 110, 115 என்று பறக்கிறார்கள். நான் மட்டும் 90இல் போனால் ஆபத்தில்லையா? மிச்சமும் அப்படி என்ன வந்துவிடப் போகிறது?

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 90இல் இருக்கும் தடையை விட 110இல் இருப்பது ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். மேலே சொன்ன மிசிசாகா வண்டி 90இல் சென்றால் 100 கி.மீ.க்கு 16 லிட்டருக்குச் சற்றுக் கீழே இறங்கும். 110இல் 20ஐத் தாண்டும். 400 கி.மீ. பயணத்தில் 100க்குப் பதிலாக 90இல் போவதால் இழப்பது 27 நிமிடம், மிஞ்சுவது 9 லிட்டர். வலது தடத்தில் 90 முதல் 95 வரை சீராகப் போகிற வண்டி யாருக்கும் இடையூறில்லை. கனரக லாரிகளின் வேகத்தை ஒன்டாரியோ சட்டம் 105க்குள் கட்டி வைத்திருப்பதால் அந்தத் தடத்தின் ஓட்டமே நிதானமானதுதான். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவருக்குச் சட்ட வரம்பே 55 மைல், அதாவது 88 கி.மீ. ஜெர்மனியில் தனி அனுமதி இல்லாதவருக்கு 80. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்டி வகை டயர்களில், வேகக் குறியீடு தனியாக அச்சிடப்படாதவை 105 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓடுவதற்கானவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்காற்று வீசும் நாளில் இன்னும் மெதுவாகப் போங்கள். 30 கி.மீ. எதிர்காற்றில் 100இல் போகிற வண்டிக்குக் காற்று 130இல் மோதுகிறது. தடை 69 சதவீதம் கூடுகிறது. மனிடோபா, சஸ்காச்சுவான் சமவெளிகளில் மேற்கு நோக்கிப் போகிறவர்கள் எஞ்சினைச் சந்தேகிப்பதற்கு முன் சாலையோரக் கொடிகளைப் பார்க்க வேண்டும்.

லண்டன், ஒன்டாரியோ வாசகர்: ஹிட்ச் (காரில் டிரெய்லரைக் கோக்கும் கொக்கி) மீது பாரம் அழுத்தி எஸ்யூவியின் பின்பகுதி தாழ்ந்துவிடுகிறது. சாமான்களை டிரெய்லரின் பின்புறத்துக்கு மாற்றினேன்; கார் நேராக நிற்கிறது. இதனால் மைலேஜும் கூடும் என்கிறார் நண்பர்.

உடனே பழையபடி மாற்றுங்கள். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். டிரெய்லரில் பின்பாரம் ஏறினால் அது பாம்புபோல நெளியத் தொடங்கும். வேகம் கூடக்கூட நெளிவு அடங்காமல் பெருகி, காரையும் இழுத்துச் சாலையை விட்டுத் தள்ளிவிடும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மீது முன்பாரமாக இருக்க வேண்டும். 1,200 கிலோவுக்கு அது 120 முதல் 180 கிலோ. கார் தாழ்ந்தால் அதன் வரம்பு எவ்வளவு என்று கையேட்டைப் பாருங்கள். அனுமதி இருந்தால் எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் பொருத்துங்கள். மைலேஜுக்காகப் பாரத்தின் இடத்தை மாற்றுவதால் ஒரு சொட்டும் மிஞ்சாது. இதே கேள்வியை வேறு வடிவங்களில் அனுப்பியிருக்கும் மற்றவர்களுக்கும் இதுவே பதில்.

ஹாமில்டன் வாசகர்: இன்னும் வாங்கவில்லை. மைலேஜ் ஒன்றுதான் முக்கியம் என்றால் எந்த வடிவத்தை வாங்குவது?

வாங்குவதற்கு முன் வருகிற கேள்வி அரிது, மகிழ்ச்சி. இறக்கி மடித்துவிடக்கூடிய பாப்-அப் வகை, சாலையில் காரின் உயரத்துக்குள் ஒடுங்கிக்கொள்வதால் இவ்விஷயத்தில் முதலிடம் பெறும். அடுத்தது கண்ணீர்த்துளி வடிவச் சிறிய டிரெய்லர்கள். நின்றபடி சமைக்க வேண்டும் என்றால், 1968இல் வினிபெக்கில் பிறந்த போலர் முதல் இன்றைய ஸ்கேம்ப் வரையிலான கண்ணாடியிழை முட்டை வடிவங்கள். அவற்றின் சிறப்பை எல்லோரும் எடையில் தேடுகிறார்கள். உண்மையில் அது வளைந்த விளிம்புகளிலும் குறைந்த அகலத்திலும் இருக்கிறது.

விளிம்பு என்ற ஒன்று இவ்வளவு செய்யுமா என்று கேட்பீர்கள். 1970களில் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் நாசா பொறியாளர்கள் ஒரு வேனைத் தகடு அடித்துக் கூர்மையான மூலைகள் கொண்ட பெட்டியாக்கி ஓட்டி அளந்தார்கள். பின்பு அந்த மூலைகளை மட்டும் வளைத்துவிட்டு மீண்டும் அளந்தார்கள். காற்றுத்தடை பாதிக்கும் மேல் குறைந்தது. உள்ளிடத்தில் அவர்கள் இழந்ததோ மிகச் சொற்பம். இன்றும் மலிவான டிரெய்லர்களின் முன்மூலைகளில் அலுமினியக் கோணப்பட்டையைத் திருகி வைத்து விற்கிறார்கள்.

காரின் கையேட்டில் இழுக்கும் எடைக்கு அருகே முகப்புப் பரப்பு வரம்பு என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில சிறிய எஸ்யூவிகளுக்கு அது 3 சதுர மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உயரமான பெட்டி டிரெய்லர் எடை வரம்புக்குள் இருந்தாலும் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பிராம்டன் வாசகர்: காரின் கூரையில் காற்றைத் திருப்பிவிடும் டிஃப்ளெக்டர் பலகை பொருத்தினேன். 19 லிட்டரிலிருந்து 17க்கு இறங்கியது. இதை ஏன் நீங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை?

பலகை இல்லாமல் எந்த நாளில், எந்தத் திசையில் ஓட்டினீர்கள்? பலகையுடன் எந்த நாளில்? 15 கி.மீ. காற்றின் திசை மாறினாலே 2 லிட்டருக்கு மேல் மாறும். லாரிகளில் இது பயன்படுவதற்குக் காரணம், ஓட்டுநர் அறைக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு என்பதே. உங்கள் காரின் கூரைக்கும் டிரெய்லரின் முகப்புக்கும் இடையே சில மீட்டர் இருக்கிறது; மேலே தூக்கிவிடப்பட்ட காற்று அதற்குள் கீழே இறங்கி மோத வாய்ப்பு உண்டு. அப்போது பலகையின் தடையும் சேர்ந்துகொள்கிறது.

கால்கரி வாசகர்: பிராம்டன்காரர் சொல்வது சரி. நானும் பொருத்தினேன், எஞ்சின் சுழற்சி குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரே கியரில், ஒரே வேகத்தில், டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் பாகம்) பூட்டிய நிலையில் எஞ்சின் சுழற்சி மாறவே முடியாது. முன்பு கியர் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்து, பிறகு தாவாமல் இருந்திருந்தால் அதற்குக் காற்று, சரிவு, வெப்பநிலை என்று எதுவும் காரணமாகலாம்.

பிராம்டன் வாசகர் மீண்டும்: அப்படியானால் எப்படித்தான் நிரூபிப்பது?

காற்றில்லாத காலையில் ஒரே 50 கி.மீ. சாலையில் போகவும் வரவும், பலகை இல்லாமல் ஒரு முறை, பலகையுடன் ஒரு முறை, மறுபடி இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தி நிரப்பி, லிட்டரைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். டாஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம்.

வான் (Vaughan) நகர வாசகர்: நீங்கள் பிடிவாதம் பிடிக்கிறீர்கள். விற்கிறவர்களெல்லாம் முட்டாள்களா?

விற்கிறவர் முட்டாள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

மார்க்கம் வாசகர்: மின்சாரக் காரில் இழுக்கலாமா?

இழுக்கலாம், டெஸ்லா மாடல் ஒய் சுமார் 1,600 கிலோ வரை இழுக்க அனுமதிக்கப்பட்டது. பெட்டி வடிவ டிரெய்லரைக் கட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறத்தாழ பாதியாகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பெட்ரோல் காரிலும் செலவு இரட்டிப்பாகிறதுதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் தொட்டியை நிரப்பிவிடுவதால் அது உறைப்பதில்லை. பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் காரைச் செருக முடிகிறது என்பதே பெரிய தொல்லை.

ஏஜாக்ஸ் வாசகர்: லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் மிச்சமாகுமே?

ஆகும். டிரெய்லருடன் நிற்கத் தேவையான தூரம் உங்களுக்கு இருக்காது. செய்யாதீர்கள்.

கிச்சனர் வாசகர்: டர்போ எஞ்சினுக்கு உயர்தர பெட்ரோல் போடலாமா?

கையேடு இழுக்கும்போது போடச் சொன்னால் போடுங்கள். சிறிய டர்போ எஞ்சின், தொடர்ந்து பாரம் ஏறும்போது தன்னைக் காத்துக்கொள்ளக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும். காகிதத்தில் இருந்த சிக்கனம் அங்கேதான் காணாமல் போகிறது. அதைத் தவிர்க்கும் வழி வேகத்தைக் குறைப்பதே.

பிக்கரிங் வாசகர்: டிரெய்லரில் 60 கிலோ குறைத்தால் மைலேஜ் எவ்வளவு கூடும்?

ஸ்கார்பரோ வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விட்பி வாசகர்: 40 கிலோ குறைத்தால்?

அதே பதிலை இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பிராம்டன் வாசகர் மூன்றாம் முறை: நீங்கள் சொன்னபடியே மூன்று முறையும் ஓட்டினேன். பலகை இல்லாமல் 17.9, பலகையுடன் 17.8, மறுபடி இல்லாமல் 18.1. ஆனால் ஒன்று: பலகை இருந்தபோது டிரெய்லரின் முகப்பில் அடித்து ஒட்டும் பூச்சிகள் பாதிகூட இல்லை. காற்று திரும்பவில்லை என்றால் பூச்சிகள் மட்டும் எப்படித் திரும்பின?

ஒழுங்காக அளந்து அனுப்பிய முதல் வாசகர் நீங்கள். பலகை இல்லாத இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலேயே 0.2 வேறுபாடு இருப்பதால், பலகையின் 0.1, 0.3 ஆகியவற்றை லாபமென்று எழுத முடியாது. பூச்சி விஷயத்தில் நீங்கள் கண்டது உண்மை. முகப்பின் நடுவே நேராக மோதிய காற்று இப்போது சற்று மேலே ஏறி, கூரையின் முன்விளிம்பில் போய் மோதுகிறது. ஏணி வைத்து ஏறி அந்த விளிம்பைப் பாருங்கள். மீதிப் பூச்சிகள் அங்கே இருக்கும். முகப்பைக் கழுவும் வேலை குறைகிறது என்பதற்காக அந்தப் பலகையை நீங்கள் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.