கனடா பி.ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) கிடைச்சிருக்கு, குடும்பமா போறோம், பணத்தை எப்படி ஒழுங்கு பண்ணணும்?

கேள்வி கேட்டவங்க அருமனை பக்கம், கணவன் மனைவி ரெண்டு பிள்ளைங்க, கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துக்கு போறாங்க. ஊர்ல ஹவுசிங் லோன் பாதி பாக்கி இருக்கு, கொஞ்சம் நகை அடகுல இருக்கு, அப்பா எழுதிக் குடுத்த ரப்பர் தோட்டம் கொஞ்சம் உண்டு. கையில எவ்வளவு ரூபா கொண்டு போகணும்னு கேட்டிருக்காங்க. நாங்களும் தக்கலையில இருந்து பிள்ளைங்களோட இங்க வந்தவங்கதான், அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

எவ்வளவு கொண்டு போகணும்ங்கிறதை விட, போன பிறகு மாசா மாசம் ஊருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கும்னு முதல்ல கணக்கு போடுங்க. இங்க முதல் சம்பளம் எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா ஊர்ல இஎம்ஐ தேதி மட்டும் கரெக்டா வந்துரும். கஷ்டப்பட்டு கொண்டு வந்த டாலரை திரும்ப ரூபாயா மாத்தி லோன் கட்டுறவங்களை நான் இங்க நிறைய பாக்குறேன், ரெண்டு பக்கமும் நஷ்டம், மனசுக்கும் நிம்மதி கிடையாது.

அதனால அடகு நகையை முதல்ல திருப்புங்க. காசு பத்தலன்னா அதுல கொஞ்சத்தை வித்தாவது திருப்புங்க, புதுக்க வேண்டிய நேரத்துல நீங்க அங்க இருக்க மாட்டீங்க. கொண்டு வர்ற நகைக்கு போட்டோவும் விலை மதிப்பும் சேர்த்து லிஸ்ட் எழுதி, முதல் தடவை இறங்குற அன்னைக்கே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல காட்டிருங்க. பிறகு கொண்டு வரப்போற நகையையும் அதே லிஸ்ட்ல சேர்த்துரலாம், அப்படி எழுதாம விட்டா பின்னால கொண்டு வரும்போது வரி கேக்க வாய்ப்பு உண்டு. கையில பத்தாயிரம் கனடா டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா அதையும் சொல்லணும், வரி எதுவும் கிடையாது, சொல்லாம போறதுதான் தப்பு.

ஹவுசிங் லோனை முழுசா அடைக்க முடியலன்னா வீட்டை வாடகைக்கு விட்டு அதுல இஎம்ஐ போற மாதிரி பண்ணுங்க. நீங்க என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டுல குடியிருக்கிற இந்தியர், ஆன பிறகு சாதா சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓவா (ஊர் வருமானத்துக்கு என்ஆர்ஐ வைக்கிற அக்கவுண்ட்) மாத்தியே ஆகணும், வாடகையும் அதுல விழுற மாதிரி பண்ணுங்க, வாடகை தர்றவங்க டிடிஎஸ், அதாவது வாடகையில இருந்தே வருமான வரியை, பிடிச்சு கட்டணும். நம்ம ஊர்ல வாடகைக்கு இருக்கிற நிறைய பேருக்கு இது தெரியாது, நீங்களே சொல்லி வையுங்க. இங்க இருந்து சம்பாதிச்சு அனுப்புற காசுக்கு தனியா என்ஆர்இ அக்கவுண்ட் போடுங்க, அதுக்கு வர்ற வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துட்டு வரலாம்.

ரப்பர் தோட்டம் அப்படியே உங்க பேர்ல இருக்கலாம், பிரச்சனை இல்ல. ஆனா என்ஆர்ஐ ஆன பிறகு விவசாய நிலமோ தோட்டமோ புதுசா விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையா வந்தா மட்டும்தான் வாங்கிக்கிடலாம், அதனால பக்கத்து துண்டை வாங்கிப் போடுற யோசனை இருந்தா அதை கிளம்புறதுக்கு முன்னாடியே தீருமானம் பண்ணிருங்க. பால் வெட்டு, தீர்வை, பேங்க் வேலை எல்லாத்துக்கும் தம்பிக்கோ அப்பாவுக்கோ பவர் குடுக்கணும்னா, என்னென்ன வேலைக்குன்னு தெளிவா எழுதி, விக்கிற அதிகாரம் இல்லாம, சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நேர்ல போய் பதிஞ்சுட்டு வாங்க. இங்க வந்த பிறகு எழுதினா தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி ஊருக்கு அனுப்பி மூணு மாசத்துக்குள்ள அங்க முத்திரை கட்டணும்னு பெரிய அலைச்சல். கூடப்பிறந்தவங்களை நம்பலையான்னு சிலர் கேப்பாங்க, நம்புறதனாலதான் பின்னால ஒரு வார்த்தை வராத மாதிரி எழுதி வைக்கிறோம்.

அதிகம் பேர் சொல்லாத ஒண்ணு இருக்கு. நீங்க கனடாவுல குடியேறின அன்னைக்கு உங்க நிலத்துக்கும் வீட்டுக்கும் என்ன மார்க்கெட் விலையோ, அதைத்தான் கனடா வரிக்கணக்குல வாங்கின விலையா எடுத்துக்கிடுவாங்க. பத்து வருஷம் கழிச்சு வித்தா அந்த விலைக்கு மேல உள்ள லாபத்துக்குத்தான் இங்க கணக்கு. அதனால ரிஜிஸ்டர்டு வேல்யூவர்கிட்ட அந்த தேதிக்கு ஒரு மதிப்பீடு வாங்கி பத்திரமா வையுங்க. ஊர்ல இருந்து வர்ற வாடகை, வட்டி எல்லாத்தையும் இங்கயும் காட்டணும், வாடகை வீடு டெபாசிட் மாதிரி சொத்து ஒரு லட்சம் கனடா டாலருக்கு மேல போனா தனி ஃபார்ம் உண்டு, முதல் வருஷம் மட்டும் அது வேண்டாம்.

ஊர்ல இருந்து இங்க பணம் அனுப்பும்போது டிசிஎஸ்சை, அதாவது பேங்க் முன்கூட்டியே பிடிக்கிற வரியை, பாத்துக்கிடுங்க. 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரை பிடிக்க மாட்டாங்க, அதுக்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பாங்க. ரிட்டர்ன் போட்டா திரும்பக் கிடைக்கும், ஆனா கைக்காசு முக்கியமா தேவைப்படுற நேரத்துல அது மாட்டிக்கிடும். கணவன் பேர்ல கொஞ்சம் மனைவி பேர்ல கொஞ்சம், மார்ச் 31க்கு முன்னாடி ஒரு பாகம் ஏப்ரல்ல ஒரு பாகம்னு பிரிச்சு அனுப்புங்க.

ஊர் சிம்மை விட்டுராதீங்க, ரோமிங்ல ஓடிபி வர்ற பிளான் போட்டு வையுங்க, ஓடிபி இல்லன்னா மேல சொன்ன எதையும் இங்க இருந்து செய்ய முடியாது.

இங்க இறங்கினதும் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய அரசாங்க நம்பர்), ஹெல்த் கார்டு, பேங்க் அக்கவுண்ட், மூணும் முதல் வாரத்துலயே. ஒன்டாரியோவுல ஹெல்த் கார்டுக்கு இருந்த மூணு மாச வெயிட்டிங்கை 2020லயே எடுத்துட்டாங்க, ஆனா பல்லுக்கும் உங்க ரெண்டு பேர் மருந்துக்கும் பெரும்பாலும் நம்ம காசுதான், பல்லு வேலை இருந்தா நாகர்கோவில்லயே முடிச்சுட்டு வாங்க. பிள்ளைங்க தடுப்பூசி கார்டு மறக்காதீங்க, ஸ்கூல்ல கேப்பாங்க. பிள்ளைங்களுக்காக அரசாங்கம் மாசா மாசம் தர்ற சைல்ட் பெனிஃபிட்டுக்கு உடனே அப்ளை பண்ணுங்க, அது சலுகைன்னு நினைச்சு கூச்சப்படாதீங்க, பிள்ளைங்க உள்ள குடும்பத்துக்கு முதல் வருஷம் அது பெரிய ஆதரவு. அது நிக்காம வரணும்னா வருமானமே இல்லன்னாலும் ரெண்டு பேரும் வருஷா வருஷம் ஏப்ரல் 30க்குள்ள டாக்ஸ் ஃபைல் பண்ணணும்.

வீடு பாக்காம ஊர்ல இருந்தே அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. இங்க சட்டப்படி கடைசி மாச வாடகையை மட்டும்தான் டெபாசிட்டா கேக்கலாம். புதுசா வந்தவங்கன்னு ஆறு மாசம் மொத்தமா கேட்டா வேற வீடு பாருங்க, அந்தக் காசுதான் உங்க சாப்பாட்டுக் காசு. குளிர் ஜாக்கெட்டும் இங்கயே வாங்குங்க.

இனி கொஞ்சம் உரிமையோட சொல்றேன். வெளிநாடு போன உடனே ஊர்ல வீட்டு மேல மாடி எடுக்கச் சொல்லி நாலு பேர் சொல்லுவாங்க. முதல் மூணு வருஷம் அதுல கை வைக்காதீங்க. நர்ஸ் வேலைக்கு லைசென்ஸ் எடுக்கணும்னாலும் வேற படிப்பு படிக்கணும்னாலும் இங்க காசு வேணும், உங்க சம்பளத்தை உயர்த்துறது அதுதான்.

ஆனா அம்மா அப்பாவுக்கு உள்ளதுல கை வைக்காதீங்க. மாசம் எவ்வளவு அனுப்ப முடியும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்க, மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்துக் குடுங்க. ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினா உடனே எடுக்கிற மாதிரி ஒரு தொகையை அவங்க பேர்ல உள்ள அக்கவுண்ட்லயே போட்டு வையுங்க. கூடவே ஒரு ஆள் அவசரமா திருவனந்தபுரம் வந்து இறங்குறதுக்கான டிக்கெட் காசையும் தனியா எடுத்து வையுங்க, வாடகைக்கு பத்தலன்னாலும் அதைத் தொடாதீங்க.